அரை நூல் கீழே

இரண்டு மணிக்கு வசந்தாமணியை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாகிவிட்டது, இனி நான்கு மணிக்குத்தான். நடுவே கிடக்கிற இரண்டு மணி நேரமும் சென்னியப்பனுக்குச் சொந்தம். அதில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வீட்டை விட்டு வெளியே போவதைத் தவிர. ஆக, செய்வதற்கு அவரிடம் ஒரே ஒரு வேலைதான் மிச்சம் இருந்தது. அது சாப்பாட்டு மேஜை மேல் பழைய செய்தித்தாளில் பரப்பி வைக்கப்பட்டிருந்தது: பல்சா என்கிற லேசான கட்டையில் செய்த, இன்னும் இறக்கை மாட்டாத ஒரு மஞ்சள் விமானம், கை நீளம், அதன் மொட்டை மூக்குக்கு முன்னால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இன்ஜின், நான்கு போல்ட், ஒரு ஸ்க்ரூடிரைவர். நேற்றுவரை அந்த மேஜை சமையலறைப் பக்கம்தான் கிடந்தது. இன்று காலையில் ஒற்றை ஆளாக அதை ஹாலுக்கு இழுத்து வந்து, இரும்புக் கட்டில் கண்ணில் படுகிற மாதிரி போட்டிருக்கிறார். ஏன் என்று யாராவது கேட்டால் வெளிச்சத்துக்காக என்று சொல்லுவார். கேட்க ஆள் இல்லை. ஒண்டிப்புதூரில் மத்தியான வெயில் தெருவை ஆள் நடமாட்டம் இல்லாமல் துடைத்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு டிவியில் ஒரு பெண் யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் காற்று மெத்தையின் பம்பு குர்ரென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அதற்கும் மேலே, அதையெல்லாம் தாண்டி, அவளுடைய மூச்சு. இரண்டு மணிக்கு எண்ணியபோது நிமிடத்துக்கு இருபத்தெட்டு. முப்பதைத் தாண்டினால் போன் பண்ணச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நர்ஸ் ஜெபராணி. இருபத்தெட்டு என்பது முப்பது இல்லை. இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் இருபத்தொன்பது என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கிறவரை பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டு முதல் போல்ட்டை எடுத்தார்.

இந்த இன்ஜினை அவர் மாட்டுவது இது எத்தனையாவது தடவை என்று அவருக்கே கணக்கில்லை. இன்ஜினியரிங் கல்லூரிப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் மாதிரி விமானம் கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன், பதினான்கு மாதமாக ஒரே விமானத்துக்கு ஒரே இன்ஜினை மாட்டுகிறார், கழற்றுகிறார், வேறு பக்கம் திருப்பி மாட்டுகிறார். விமானம் ஒரு நாளும் பறந்ததில்லை. மைதானத்துக்கு எடுத்துப் போனால்தானே பறக்கும், போக வர ஒரு மணி நேரம், பறக்க விட ஒரு மணி நேரம், அதற்குள் நான்கு மணி ஆகிவிடும். அதனால் மூக்கில் இருக்கிற சின்ன ப்ளைவுட் சுவர்தான் பாவம், ஓட்டை மேல் ஓட்டையாகத் துளைபட்டு, தீக்குச்சியும் பசையும் வைத்து அடைபட்டு, மறுபடி துளைபட்டுக் கிடந்தது. இன்ஜினை மூன்று விதமாக வைக்கலாம். தலை மேலே பார்க்க நிமிர்த்தி வைக்கலாம். ஸ்டார்ட் பண்ண சுலபம், பிளக் கைக்கெட்டும், ஆனால் பார்க்க அசிங்கம், மூக்கின் மேல் ஒரு பரு துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி. பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம்; புகை ஒரு பக்கமாகப் போகும், எண்ணெய் இறக்கையில் படியாது. தலைகீழாகத் தொங்கவிடலாம், மூக்கு மழமழவென்று நிஜ விமானம் போலவே இருக்கும், அழகென்றால் அதுதான் அழகு, ஆனால் வம்பும் அதில்தான். இன்ஜினுக்கு மேல் கீழ் தெரியாது, எந்தப் பக்கம் வைத்தாலும் சுற்றும், எண்ணெய்க்குத்தான் மேல் கீழ் தெரியும் என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்லுவார். சொல்லிவிட்டு மாணவர்கள் சிரிப்பார்களா என்று பார்ப்பார். யாரும் சிரித்ததில்லை. வசந்தாமணிதான் சிரித்தாள். "ஏனுங்க, இஞ்சினுக்கு எதுக்குங்க சிரசாசனம்? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஒரு நாள். அவள் பி.டி. டீச்சர். கழுத்தில் விசிலோடு எண்ணூறு பெண் பிள்ளைகளைக் காலைவெயிலில் நிறுத்தி இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, பின்னால் திரும்பு என்று முப்பது வருஷம் திருப்பியவள். மைக் வேண்டியதில்லை அவளுக்கு. மெயின் ரோட்டில் பஸ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். இப்போது அவளைத் திருப்புகிறவர் சென்னியப்பன். இரண்டு மணிக்கொரு தரம் இடப்பக்கம், பிறகு மல்லாக்க, பிறகு வலப்பக்கம். சுவரில் கட்டம் போட்ட தாள் ஒட்டி, பட்டறை ரிஜிஸ்டர் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் இ, ம, வ என்று எழுதி டிக் போட்டு வைத்திருக்கிறார். பதினான்கு மாதத்தில் ஒரு கட்டம்கூட விட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது, நேற்று மத்தியானம்வரை.

நேற்றைப் பற்றி இப்போது வேண்டாம். போல்ட். தலைகீழாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நேற்றே பாதி வைத்துப் பார்த்துக் கழற்றியாயிற்று, மூன்றாவது போல்ட் மட்டும் நேற்று ஏறாமல் மக்கர் பண்ணியது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டின் ஓட்டை ஒரு மயிரிழை தள்ளிப்போயிருந்தது, அதை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார், ராவ ராவ இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கை கேட்டது, மணி ஒன்றே கால் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. இல்லை, நேற்றைப் பற்றி வேண்டாம் என்று சொன்னோமே. மூன்றாவது போல்ட் இன்று வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. எரிச்சலாக வந்தது. நேற்று இறங்கியிருக்கக்கூடாதா சனியனே. விமானத்தைத் திருப்பிப் பிடித்து மூக்கைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அடுத்தது டேங்க். இன்ஜினைத் தலைகீழாகத் திருப்புகிறவன் எவனும் முதலில் மறப்பது டேங்கைத்தான். நிமிர்ந்து நிற்கும்போது எண்ணெய் உறிஞ்சுகிற நீடில் வால்வு மேலே இருக்கும். கவிழ்த்தால் அதுவும் கூடவே கீழே வந்துவிடும். டேங்க் மட்டும் பழைய உயரத்திலேயே உட்கார்ந்திருந்தால் எண்ணெய்க்கு இறக்கம் கிடைத்துவிடும், உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லாமல் தானாக வழிந்து உள்ளே போகும், போய்த் தலைக்குள் பிளக்கைச் சுற்றித் தேங்கும். டேங்கின் நடுக்கோடு நீடிலின் துளைக்கு நேராக நிற்க வேண்டும், இல்லை அரை நூல், ஒரு அரிசி கனம், கீழே. மேலே மட்டும் கூடாது. அரை நூல் கீழே, அரை நூல் கீழே என்று தேர்வில் எழுதாத பையனுக்கு அவர் மார்க்கே போட்டதில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைச் சுற்றினால் தலைமாடு உயரும். மூக்குக்குழாய் வழியாக கஞ்சி கொடுத்த பின் ஒரு மணி நேரம் தலைமாடு உயர்ந்தே இருக்க வேண்டும், வயிறு கீழே நெஞ்சு மேலே, இல்லாவிட்டால் கொடுத்தது திரும்பி ஏறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எங்க டேங்க் கணக்குத்தானுங்களே இது என்று சொல்லி அந்த நர்ஸைச் சிரிக்க வைத்தவர் சாட்சாத் சென்னியப்பனேதான். எழுந்து போய்க் கட்டிலருகே நின்று, செல்போனில் நொடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். முப்பத்தொன்று. ஒருவேளை இரண்டு மூச்சைச் சேர்த்து எண்ணியிருக்கலாம். மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டு. மூன்றாவது தடவை எண்ணவில்லை. எண்ண எண்ண ஏறுகிறது என்றால் எண்ணாமல் இருப்பதுதான் புத்தி என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நேற்று பன்னிரண்டரைக்குக் கொடுக்க வேண்டிய கஞ்சியை ஒன்று ஐம்பதுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான் நடந்தது. போல்ட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதில் தப்பில்லை, கொஞ்சம் பசியோடு இருந்தாள், சரி. இருநூறு மில்லி ராகிக் கஞ்சியை வடிகட்டி, வெதுவெதுப்பாக, ஊசிக்குழலில் ஊற்றி மெல்ல இறக்கினார். அவள் கண் திறந்திருந்தது. கண் திறந்திருந்தால் பார்க்கிறாள் என்று அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அர்த்தமில்லை என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியாது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஊசிக்குழலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இரண்டு மணி அலாரம் அடித்தது. அடித்தால் என்ன செய்ய வேண்டும்? திருப்ப வேண்டும். பதினான்கு மாதப் பழக்கம். திருப்புவதற்குத் தலைமாட்டை இறக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினார், தட்டையாக இறக்கினார், இடுப்பில் ஒரு கை தோளில் ஒரு கை வைத்து இடப்பக்கம் திருப்பினார், முதுகுக்குத் தலையணை கொடுத்தார், தாளில் டிக் போட்டார். பேனாவை மூடினார். ஏற்ற வேண்டிய தலைமாட்டை ஏற்றவில்லை. மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முன்னால் நினைப்பு என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், நினைப்பு முழுக்க மூன்றாவது போல்ட்டில் இருந்தது. சமையலறைப் பக்கம் போய் மேஜையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் இருமினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டது. அரத்தை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்: "இருமு புள்ள, நல்லா இருமு. சளி வெளிய வரட்டும்." அவள் இன்னும் இரண்டு தடவை இருமினாள். பிறகு இருமவில்லை. நல்லது, அடங்கிவிட்டது என்று நினைத்தார். நினைத்தாரே! அந்த நினைப்பைப் பிடித்து யாராவது செருப்பால் அடிக்க மாட்டார்களா என்றிருந்தது இப்போது. இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஹாலை எட்டிப் பார்த்தபோது அவள் வாயோரம் ராகி நிறத்தில் ஒரு கோடு வழிந்து தலையணையில் ஊறியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினார், சுற்றினார், அதற்கு மேல் ஏறாது என்று அது கிறீச்சிட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்தார்.

காலையில் ஜெபராணி டாக்டரைக் கூட்டி வந்தாள். முந்தின ராத்திரியே காய்ச்சல் நூற்றிரண்டு. டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வலது பக்கம் வெகுநேரம் கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணைப் பார்க்காமல், "சாப்பாடு குடுத்ததும் மட்டமா படுக்க வெச்சீங்களா?" என்று கேட்டார். "இல்லீங் டாக்டர், தலையத் தூக்கித்தான் வெச்சிருந்தனுங்க" என்றார் சென்னியப்பன். பளிச்சென்று வந்தது. இருபத்தாறு வருஷத்தில் பட்டறையில் ஒரு ஸ்பானர் தொலைந்ததற்குக்கூடப் பொய் சொல்லாத வாயிலிருந்து, முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி வந்தது. டாக்டர் தலையாட்டினார், ஏதோ எழுதினார், ஜெபராணி ஊசி போட்டாள், போய்விட்டார்கள். ஏன் பொய் சொன்னார்? அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார், நல்ல காரணம், நல்ல காரணம் கிடைத்துவிட்டால் பொய்க்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி, தெருவில் நடமாட விடலாம். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுவார்கள். போனால் தொண்டையில் குழாய் இறக்குவார்கள். மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த போது இருபத்தொரு நாள் அந்தக் குழாயோடுதான் கிடந்தாள். அப்போது வலது கை மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது, அந்தக் கையால் ஒரு நாள் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டாள், கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். பி.டி. டீச்சரின் கையை. அன்றைக்குத்தான் அவள் காதில் குனிந்து, இனி இங்கே கூட்டி வரமாட்டேன் வசந்தா, சத்தியம், என்றார். சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் கோகிலவாணியும் அழுதுகொண்டே சரியென்றாள். ஆக, சத்தியத்துக்காகத்தான் பொய் சொன்னார். அப்படித்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறவனிடம் அது ரொம்ப நேரம் எடுபடாது. அவர் பயந்தது ஆஸ்பத்திரிக்கு இல்லை. கோகிலவாணி அவரைப் பார்க்கப்போகிற பார்வைக்கு. பார்வைகூட வேண்டாம், பார்க்காமல் இருப்பாளே, அதற்கு. அப்பா இருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். வாரம் தவறாமல் வந்து, ம, வ, இ என்று தாளைப் படித்துப் பார்த்து, கல்லூரியில பாடம் நடத்துன மாதிரியே நடத்தறீங்கப்பா என்று கன்னத்தைக் கிள்ளுகிறவள். அவளிடம் ஒரு போல்ட்டுக்காக உன் அம்மாவை மூழ்கடித்துவிட்டேன் கண்ணு என்று எப்படிச் சொல்லுவது? ஒரு போல்ட். பறக்காத விமானம்.

ஆனாலும் அவருக்குள்ளே ஒரு மூலையில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது, அசிங்கமான நம்பிக்கை, அதை அவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அது இதுதான்: டாக்டருக்கு விஷயம் தெரியாது. தெரியாமல் ஏதோ சாதாரணச் சளிக்கு மருந்து போட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் சரியான மருந்து என்று ஒன்று வரும். வந்தால் குணமாகும். அதாவது, அவள் பிழைப்பது அவர் வாயைத் திறப்பதில்தான் இருக்கிறது. நிலைமை கெட்டுப்போனால் எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிற பொருள் மாதிரி அந்த உண்மையை அவர் வைத்திருந்தார். நான்கு மணிவரை பார்க்கலாம். அதற்குள் மூச்சு இறங்கினால் சொல்ல வேண்டியதில்லை, ஏறினால் சொல்லிவிடலாம். எழுந்து போய் அவள் விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினார். தொண்ணூறு. காலையில் தொண்ணூற்று மூன்று. கை சில்லென்றிருந்ததால் தப்பாகக் காட்டும், தேய்த்துவிட்டு மாட்டினார், எண்பத்தொன்பது. போர்வையை விலக்கி இடுப்பை லேசாகத் தூக்கிப் பார்த்தார். இடது இடுப்பில் நேற்று சிவப்பாக இருந்த இடம் இன்று நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான்கு மணிக்குத் தாளின்படி மல்லாக்கப் போட வேண்டும். முதுகுக்குக் கீழே ஏற்கெனவே புண், விரல் போகிற ஆழம், அங்கே இனிப் பாரம் கூடாது என்று ஜெபராணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். வலப்பக்கம் போடலாமென்றால் வலது நுரையீரல்தான் கெட்டிருக்கிறது, அந்தப் பக்கம் அழுத்தினால் நல்ல பக்கமும் சேர்ந்து திணறும் என்று அதையும் சொல்லியிருக்கிறாள். இடப்பக்கமோ இன்னும் இரண்டு மணி நேரம் தாங்காது, தோல் விட்டுவிடும். மூன்று பக்கம்தான் ஒரு உடம்புக்கு. மூன்றும் முடிந்துபோயிற்று. இன்ஜினுக்காவது டேங்கை இறக்கலாம், மவுண்ட்டை மாற்றலாம், ஓட்டையைத் தீக்குச்சி வைத்து அடைத்துவிட்டு வேறு பக்கம் துளைக்கலாம். அவர் அப்படியே நின்று அவள் பின்கழுத்தைப் பார்த்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தது. அந்தக் கழுத்தில் விசில் கயிறு அழுத்திய தழும்பு முன்பெல்லாம் தெரியும், இப்போது தெரியவில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல், பக்கத்து வீட்டு டிவிப் பெண்ணின் மேல் அதைப் போட்டார். எந்நேரமும் ஒப்பாரி.

மேஜைக்குத் திரும்பி வந்தபோது கை தன்பாட்டில் எரிபொருள் புட்டியைத் திறந்திருந்தது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை ஹால் முழுக்கப் பரவியது. இந்த வாடை அவளுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் மைதானத்துக்கு வந்து நின்றவளின் மாம்பழக் கலர்ச் சேலை மேல் இன்ஜின் எண்ணெயைத் தூற்றிவிட்டது, "ஏனுங்க, என்ர சீலைய வாணலில போட்டு எடுத்துட்டீங்க" என்றாள், அந்தச் சேலையைத் துவைத்துத் துவைத்து வாடை போகாமல் கடைசியில் கரித்துணி ஆக்கினாள். அவள் மூக்கு இந்த வாடையை இப்போது அறிகிறதா என்று திரும்பிப் பார்த்தார். மூச்சு மட்டும்தான், சின்னச் சின்னதாக, நெஞ்சின் மேல்பாகத்தில் மட்டும். டேங்கை அவர் இன்னும் இறக்கவில்லை. இறக்காமல் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று தெரியும், தெரிந்தும் ஊற்றினார், ஏன் என்று கேட்டால் தெரியாது, அது எப்படிப் போகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. கண்ணாடி மாதிரியான அந்தச் சின்னக் குழாயில் எண்ணெய் வந்தது. யாரும் இழுக்கவில்லை. இன்ஜின் ஓடவில்லை, புரொப்பெல்லர் அசையவில்லை. அது பாட்டுக்கு, அவசரப்படாமல், சத்தம் போடாமல் இறங்கி நீடில் வால்வுக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. நேற்று அவளுக்குள்ளும் நாற்பத்தைந்து நிமிடம் இப்படித்தான் போயிருக்கும். புரொப்பெல்லரில் விரலை வைத்து மெல்லச் சுற்றினார், அரைச்சுற்று வந்து கெட்டியாக நின்றுவிட்டது. எண்ணெயை அமுக்க முடியாது, அமுக்கினால் உள்ளே பிஸ்டனைத் தள்ளுகிற கம்பி வளையும். இன்ஜினென்றால் நிமிர்த்திப் பிடித்து, பிளக்கைக் கழற்றி, உதறி எடுத்துவிடலாம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளையும் அப்படித் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து உதறினால் என்ன என்று அவருடைய மூளை முழு நிதானத்தோடு யோசித்தது. எந்தக் கையை எங்கே கொடுப்பது என்றுகூடக் கணக்குப் போட்டது. விமானத்தை அப்படியே போட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு போனை எடுத்து, கட்டிலருகே நின்று ஒரு தடவை மூச்சை எண்ணிவிட்டு, நம்பரை அழுத்தினார். மணி மூன்று நாற்பது.

"ஜெபராணிங்களா, சென்னியப்பன் பேசறனுங்க." "சொல்லுங்க சார். மூச்சு எத்தன?" "முப்பத்தாறு. அதில்லீங்க. காலைல டாக்டரு ஒண்ணு கேட்டாருல்ல, அதுக்கு நான் பொய் சொல்லிப்போட்டனுங்க." மறுமுனையில் யாருக்கோ மாத்திரைச் சீட்டு விளக்குகிற சத்தம் நின்றது. "நேத்து கஞ்சி குடுத்த கையோட மட்டமாப் படுக்க வெச்சுட்டனுங்க. முக்கா மணி நேரம். இருமுனா, நான் போகல. டாக்டர்கிட்டச் சொல்லி மருந்த மாத்தோணும், இப்பவே மாத்தோணும், நானே வந்து அவருகிட்டச் சொல்றனுங்க வேண்ணா." சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கிடந்தது இரண்டு மூச்சில் வெளியே வந்துவிட்டது. இனி அவர்கள் பாடு. "சார், அது டாக்டருக்குத் தெரியும் சார்" என்றாள். "நெஞ்சுல வெச்சுக் கேட்டதுமே தெரிஞ்சிருச்சு. காலைல போட்ட ஊசி அதுக்குத்தான்." "அதுக்குத்தானுங்களா?" "ஆமா சார். அதுக்கு மேல ஊசி இல்ல." சென்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். "நான் முன்னாடியே சொல்லியிருந்தா..." "சொல்லியிருந்தாலும் இதேதான் சார். யாரு வெச்சிருந்தாலும் ஒரு நாள் இப்படி ஆகியிருக்கும். ஆஸ்பத்திரி வேண்டாம்னு நீங்களும் பொண்ணும் அன்னிக்கே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்பக் கூட்டிட்டுப் போறதுன்னா சொல்லுங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். குழாய் போடுவாங்க. அவ்வளவுதான் செய்வாங்க." அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு சேலத்துலதானே இருக்காங்க?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "கிளம்பி வரச் சொல்லிருங்க சார். நான் டியூட்டி முடிஞ்சதும் வர்றேன்."

ஆக, அந்தப் பொய் எதற்கும் உதவவில்லை, எதையும் கெடுக்கவும் இல்லை. பிறகு சொன்ன உண்மையும் அப்படியே. பத்திரப்படுத்தி வைத்திருந்த பொருளை எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. யார் வைத்திருந்தாலும் ஆகியிருக்கும் என்று ஆறுதலுக்குச் சொன்னாள் அந்தப் பெண், ஆனால் யாரோ வைத்திருக்கவில்லை, அவர்தான் வைத்திருந்தார். அலாரம் அடித்தது. போய் அணைத்தார். தாளில் நான்கு மணிக் கட்டத்தில் ம என்று இருந்தது. பேனாவை எடுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கட்டிலின் தலைமாட்டுத் தலையணைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தார், கம்பியில் முதுகு கொடுத்து, கால்களை இரண்டு பக்கமும் விரித்து. அவள் அக்குளுக்குள் கைகளைக் கொடுத்து மேலே இழுத்தார். கனமே இல்லை, பதினான்கு மாதத்தில் பாதியாகிவிட்டாள். இழுத்துத் தன் நெஞ்சின் மேல் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்தார். முதுகுப்புண் படாமல் அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் தலை அவருடைய கழுத்துப் பள்ளத்தில் விழுந்தது. மூச்சின் சத்தம் கொஞ்சம் மாறியது, லேசானதா, களைத்துப்போனதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய ஒவ்வொரு மூச்சும் அவர் விலா எலும்பில் தட்டியது, இனி எண்ண வேண்டியதில்லை, எண்ணிக்கை உடம்புக்கே தெரிந்தது. "நேத்து நாந்தான் புள்ள" என்றார் அவள் காதில். டிவி நின்றிருந்தது. ஒரு கையால் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். அம்மா என்ன பண்ணுது?"

"உக்காந்திருக்கறா, கண்ணு."

அவர் கண்டது அதுதான், அதைத்தான் சொன்னார். "என்னப்பா சொல்றீங்க?" என்றாள் கோகிலவாணி, சின்னப்பிள்ளைக் குரலில். "உக்காந்திருக்குதா? எந்திரிச்சா உக்காந்திருக்குது?" இல்லை கண்ணு, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, "நீ உடனே கெளம்பி வா" என்பதுதான் வந்தது. "வராம? இதோ கெளம்பீட்டேன்ப்பா, இதோ!" போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது: "ஏனுங்க, எங்கம்மா உக்காந்துருச்சாமுங்க! அப்பா கூப்பிட்டுச் சொல்றாரு, உக்காந்துருச்சாம்!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. நாற்காலி நகர்ந்தது, யாரோ கைதட்டினார்கள். அம்மாகிட்டக் குடுங்கப்பா, காதுல வைங்க, என்றாள். சென்னியப்பன் போனை வசந்தாமணியின் காதில் வைத்தார். அம்மா, அம்மா, நான் வந்துட்டே இருக்கறேன், அப்படியே உக்காந்திரும்மா, படுத்தறாதம்மா என்று அது பேசிக்கொண்டே போயிற்று. அவர் அசையாமல் அவளைத் தாங்கிப் பிடித்தபடி, அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.